ஒரே ஊர்க் குழுவா, பல ஊர்க் குழுவா? ஒரு திருப்பூர்த் தையல் பிரிவின் அனுபவம்

திருப்பூரில் முப்பது நாற்பது இயந்திரங்களோடு பின்னலாடை தைத்துக் கொடுப்பவர்களுக்கு ஆள் சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. வேலையில் இருக்கும் ஒருவரிடம் சொல்லி, அவருடைய ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆட்களை அழைத்துவரச் செய்வது ஒன்று. வாசலில் 'ஆட்கள் தேவை' என்று பலகை வைத்து, வருகிறவரைத் தைக்கச் சொல்லிப் பார்த்து, ஊரும் உறவும் கேட்காமல் சேர்ப்பது மற்றொன்று. எட்டு ஆண்டுகள் முதல் வழியிலும், பின்னர் ஐந்து ஆண்டுகளாக இரண்டாம் வழியிலும் நடத்தியிருக்கிறேன். பழைய வழிக்கு நான் திரும்பப்போவதில்லை.

ஒரே ஊர்க் குழுவின் வசதிகள் எல்லோரும் அறிந்தவையே. மொழிச் சிக்கல் இல்லை. புதியவருக்குப் பக்கத்து இயந்திரக்காரரே தொழில் கற்றுக்கொடுப்பார். முன்பணம் வாங்கியவர் சொல்லாமல் போனால் அழைத்துவந்தவர் பொறுப்பேற்பார். ஷிப்ட் சம்பளமானாலும், தைத்த எண்ணிக்கைக்குத் தரும் பீஸ் ரேட்டானாலும், இரண்டு வழிகளுக்கும் இடையே கூலியில் பெரிய வேறுபாடு எதுவும் இல்லை.

என் முடிவைத் தீர்மானித்தது விடுப்பு ஒன்றுதான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நாமே கதவை மூடிவிடுவதால் அவை கணக்கில் வருவதில்லை. கதவு திறந்திருக்கும் நாட்களில் ஆள் இல்லாமல் போவதுதான் சிக்கல். ஓர் ஆடி மாதம், என்னிடம் இருந்த முப்பத்து நான்கு பேரில் இருபத்தாறு பேர் ஒரே அம்மன் கோயில் திருவிழாவுக்குப் புறப்பட்டார்கள். தோள் இணைத்து, கழுத்துக்கு ரிப் பட்டை வைத்து, கை ஏற்றிய டி-ஷர்ட்டுகள், அடிமடிப்புத் தைக்க ஆளில்லாமல் மேசையில் குவிந்து கிடந்தன. அடிமடிப்புத் தைக்கும் பேட்லாக் இயந்திரத்தை ஓட்டிய இருவரும் மாமன் மச்சான் உறவு என்பதால் இருவருமே ஊரில் இருந்தார்கள். தூத்துக்குடி வழியாகக் கப்பலில் போகவேண்டிய சரக்கு விமானத்தில் போயிற்று, அந்தச் செலவு என் பில்லில் கழிக்கப்பட்டது. திருவிழாவுக்குப் போனவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒரே நாட்காட்டியில் வாழ்பவர்களை மட்டும் சேர்த்து வைத்தது என் தவறு.

இப்போது தேனி, விழுப்புரம், ஒடிசா, பீகார் என்று பல இடத்தவர்கள் இருக்கிறார்கள். ஒடிசாக்காரர்கள் ஜூன் நடுவில் ரஜ பண்டிகைக்குப் போனால் தேனிக்காரர்கள் இருப்பார்கள். ஆடியில் அது அப்படியே மாறும். தீபாவளிக்கு ஆறாம் நாள் சத் பூஜை வருவதால் பீகார்க்காரர்கள் தாமதமாகத்தான் திரும்புவார்கள் என்பது தெரிந்தே திட்டமிடுகிறோம். ஆனால் வெறுமனே கலந்து சேர்த்தால் போதாது என்பதை இரண்டாம் ஆண்டில்தான் உணர்ந்தேன்: பேட்லாக் முழுவதும் ஒடிசாக்காரர்கள் கையில் இருந்தபோது பழைய முடக்கமே திரும்பி வந்தது. ஒவ்வொரு வேலையையும் குறைந்தது இரண்டு ஊர்க்காரர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று வகுத்து, துணி ஓரங்களை இணைத்துத் தைக்கும் ஓவர்லாக் இயந்திரத்தை ஓட்டிய இரண்டு விழுப்புரத்துப் பெண்களுக்குப் பேட்லாக் பழக்கியதற்கு ஆறு மாதம் பிடித்தது. அந்த ஆறு மாதமும் உற்பத்தி குறைந்தது உண்மை.

மொழிக்கு நாங்கள் கண்ட வழி எளியது. ஒவ்வோர் இயந்திரத்தின் அருகிலும் சரியான தையல் ஒன்று, தவறான தையல் ஒன்று என இரண்டு துணித் துண்டுகளை நூலில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறோம். இந்தி அறிந்த மேற்பார்வையாளர் ஒருவரும் தேவைப்பட்டார். பெண்கள் கூடியதால் ஓர் அறையை ஒதுக்கித் தூளி கட்டினோம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில்தான் சட்டம் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டாயமாக்குகிறது என்றாலும், எங்களுக்கு அது வருகைப் பதிவேட்டிலேயே பலன் தந்தது. பாலியல் தொல்லை பற்றிய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவோ பத்துப் பேர் இருந்தாலே வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

செவித்திறன் குறைந்த இருவரைச் சேர்த்து எட்டு மாதமே ஆகிறது. செக்கிங்கில் அவர்கள் கண் கூர்மையானது என்பதற்கு மேல் இப்போது சொல்ல எனக்கு அனுபவம் போதாது. எட்டுப் பத்து இயந்திரங்கள் மட்டும் வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு ஊர்க்காரர்களை வைப்பது முடியாமலும் போகலாம். அங்கே உறவுக் குழுவே பொருந்தக்கூடும். முப்பது இயந்திரங்களைத் தாண்டியவர்கள், அடுத்த முறை ஆள் கேட்கும்போது, பேட்லாக்கில் இப்போது யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் எந்த ஊர் என்பதை முதலில் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.