34,500 டாலர் போச்சு! பழைய ஃபோர்டு மஸ்டாங் கார் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

சில வாரங்களுக்கு முன்புதான் ஒர்க்‌ஷாப்பில் என் காரை லிஃப்டில் தூக்கிக் காட்டினார்கள். இன்னும் கை நடுக்கம் நிற்கவில்லை, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 34,500 டாலர் கொடுத்து நான் வாங்கியது துருவும், ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டியும் சேர்ந்த ஒரு கூடு. அடுத்தவர் மாட்டக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் இருப்பது நியூ ஜெர்சி எடிசனில். இங்கே ரூட் 1 சாலை ஓரத்தில் 1948 முதல் 2004 வரை ஃபோர்டு தொழிற்சாலை இருந்தது. அறுபதுகளில் மஸ்டாங் தயாரான மூன்று ஆலைகளில் அதுவும் ஒன்று. டியர்போர்னில் செய்த வண்டியென்றால் சீரியல் நம்பரில் இரண்டாவது எழுத்து 'எஃப்', சான் ஹோசே என்றால் 'ஆர்', நம்ம ஊர் வண்டி என்றால் 'டி' (T). ஆலையை மூடி இடித்தும் விட்டார்கள். இங்கே செய்த ஒரு வண்டியை இந்த ஊர்த் தெருவிலேயே ஓட்ட வேண்டும், 'க்யூ க்யூ' என்று தொடங்கும் பழைய கார் நம்பர் பிளேட் போட வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. அதற்காகவே சேர்த்து வைத்த பணம் அது.

தெற்கே ஒரு மாநிலத்தில், பழைய கார்களை உரிமையாளர்களிடமிருந்து வாங்கி வைத்துக் கமிஷனுக்கு விற்றுத்தரும் பெரிய ஷோரூம். நெட்டில் விளம்பரம் போட்டிருந்தார்கள். 1967 மஸ்டாங் ஹார்ட்டாப் (கூரை மடங்காத மாடல்), 289 கன அங்குல வி8 இன்ஜின், கம்பெனியில் அடித்த அதே கேண்டி ஆப்பிள் சிவப்பு, துருவே இல்லாத தென்மாநில வண்டி, நம்பர்ஸ் மேட்சிங், அதாவது இன்ஜின் நம்பரும் வண்டி நம்பரும் ஒத்துப்போகும் அசல் இன்ஜின். சீரியல் நம்பர் 7டி01சி என்று தொடங்கியது. 7 என்றால் 1967, 01 என்றால் ஹார்ட்டாப், சி என்றால் 289. நடுவில் அந்த 'டி'. போனை எடுத்துவிட்டேன்.

விற்பனையாளன் அவ்வளவு பதமாகப் பேசினான். எடிசன் என்று நான் சொன்னதுமே, "அப்போ இது உங்க ஊர்ல பிறந்த வண்டி சார், வீட்டுக்குத்தான் திரும்பி வருது" என்றான். வீடியோ காலில் வண்டியைச் சுற்றிக் காட்டினான். இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை மிதித்துக் காட்டினான். கதவை மூடும் சத்தம் கேட்கட்டும் என்று போனைக் கதவருகே வைத்தான். பிறகு சட்டை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் படுத்து, போனை வண்டிக்கு அடியில் நீட்டி, "பாருங்க, ஒரு பொட்டு துரு இல்ல" என்றான். அடிப்பாகம் கன்னங்கரேலென்று பளபளத்தது. என் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். "இவ்வளவு மெனக்கெட்டுக் காட்டுறானே, நல்ல ஆளாத்தான் தெரியுது" என்றாள். அந்த நிமிஷத்தில்தான் நாங்கள் இரண்டு பேரும் அவனை நம்பினோம்.

யாருக்கும் சம்பந்தமில்லாத ஆளை வைத்துச் சோதிக்க வேண்டும் என்றேன். தாராளமாக என்று சொல்லி ஒருவர் நம்பரைக் கொடுத்தான். 350 டாலர் கட்டினேன். நூற்றுக்கு மேல் போட்டோவோடு 'எல்லாம் அருமை' என்று ரிப்போர்ட் வந்தது. அந்த ஆள் அதே ஷோரூமுக்கு வாடிக்கையாக வேலை பார்ப்பவன் என்பது இப்போதுதான் தெரிகிறது. ஃபோர்டின் பழைய பதிவுகளிலிருந்து எடுத்துத்தரும் மார்ட்டி ரிப்போர்ட் இருக்கிறதா என்றும் கேட்டேன். "ஃபைலில் இருக்கு சார், வண்டியோட வந்துடும்" என்றான். 34,500 டாலரையும் வயர் டிரான்ஸ்ஃபரில் அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். டிரெய்லர் வாடகை தனி.

வண்டி வந்தது. ஃபைலில் மார்ட்டி ரிப்போர்ட் இல்லை. முதல் மழையிலேயே டிரைவர் பக்கக் கார்பெட் ஊறிப்போனது. வைப்பருக்குக் கீழே காற்று உள்ளே போவதற்கு ஒரு பெட்டி மாதிரி இருக்கும், கௌல் என்பார்கள். அந்தக் கால மஸ்டாங்குகளில் அது உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து, தண்ணீர் நேராகக் கால் வைக்கும் இடத்தில் இறங்கும். அதைச் சரிசெய்ய வேண்டுமென்றால் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளைபோட்டுப் பிரிக்க வேண்டும்.

பழைய ஃபோர்டு வண்டிகளைப் பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். லிஃப்டில் ஏற்றி அந்தப் பளபள கறுப்பை ஸ்க்ரூ டிரைவரால் லேசாக அழுத்தினார். கைப்பிடி வரை உள்ளே போனது. கறுப்பு அண்டர்கோட்டிங் பாளம் பாளமாக உதிர்ந்தது, அதற்குள் துருத்தூள். ஃப்ரேம் ரெயில் இருக்க வேண்டிய இடத்தில் தகரத்தை மடித்து ரிவெட் அடித்திருக்கிறார்கள். மஸ்டாங்குக்குத் தனி சேஸி கிடையாது, பாடியோடு சேர்ந்த இந்த ரெயில்தான் வண்டியைத் தாங்குகிறது. "இதில் குடும்பத்தை ஏற்றாதே" என்றார் அவர். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் காந்தம் வைத்தால் ஒட்டவே இல்லை, அத்தனையும் பட்டி.

இன்ஜினுக்கு வருகிறேன். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றினால் பிளாக்கில் வார்த்த நம்பர் தெரியும். ஃபோர்டு நம்பர்களில் அறுபதுகளுக்கு 'சி', எழுபதுகளுக்கு 'டி' (D). இதில் இருப்பது அந்த 'டி' (D). 1967 வண்டிக்குள் எழுபதுகளின் இன்ஜின்! இதில் இன்னொரு அநியாயம், 1967-இல் சாதாரண 289 இன்ஜின்களில் ஃபோர்டு வண்டி நம்பரைப் பொறிக்கவே இல்லை. பிறகு எந்த நம்பரோடு எது மேட்ச் ஆகிறது? மார்ட்டி ரிப்போர்ட்டை நானே பணம் கட்டி வரவழைத்தேன். கம்பெனி நிறம் லைம் கோல்டாம், ஒரு மாதிரிப் பச்சை. கதவடியில் கால்மிதித் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் சிவப்புக்குக் கீழே அந்தப் பச்சை நிறம் அப்படியே இருக்கிறது. கேண்டி ஆப்பிள் என்று காட்டிய, வண்டி விவரம் பொறித்த கதவுத் தகடு புதிதாக அடித்து ரிவெட் போட்டது.

அவனைக் கூப்பிட்டேன். முதலில், "ஐம்பது வருஷத்துக்கு மேலான வண்டி சார், கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்" என்றான். போட்டோ அனுப்பினேன், மேனேஜரிடம் சொல்வதாகச் சொன்னான். மேனேஜர், "நாங்க கமிஷன் ஏஜென்ட்தான், உரிமையாளரிடம் பேசுங்க" என்றார். உரிமையாளர் நம்பரைக் கேட்டால் தனியுரிமையாம், தர மாட்டார்களாம். பிறகு, 'ஆஸ் ஈஸ்' (இருப்பது இருந்தபடியே வாங்கிக்கொள்கிறேன்) என்று நான் கையெழுத்துப் போட்ட தாளை ஸ்கேன் செய்து ஒரு வரிகூட எழுதாமல் அனுப்பினார்கள். இப்போது யாரும் போனை எடுப்பதில்லை. விளம்பரப் படங்களையும் எடுத்துவிட்டார்கள். நடுவில் ஒருமுறை, 500 டாலர் தருகிறோம், இதைப் பற்றி எங்கேயும் எழுத மாட்டேன் என்று கையெழுத்துப் போடு என்றார்கள். 34,500 எங்கே, 500 எங்கே! என் வாயை அடைக்க ஒரு விலை வேறு. முடியாது என்றுவிட்டேன்.

வங்கியில் கேட்டேன், வயரில் போன பணத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை என்கிறார்கள். இங்கே சிறு வழக்கு மன்றத்தில் 5,000 டாலர் வரைதான் கேட்க முடியும். பெரியவர் சொன்ன ரிப்பேர் செலவை எழுதவே மனம் வரவில்லை.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், ஆனால் இப்போது தலை ஓடவில்லை. அவசரத்துக்கு இவை: விற்பவன் கைகாட்டும் இன்ஸ்பெக்டர் வேண்டவே வேண்டாம், நீங்களே தேடிப் பிடியுங்கள். லிஃப்டில் ஏற்றாமல் பணம் அனுப்பாதீர்கள். அடிப்பாகம் புதுக் கறுப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். கையில் ஒரு காந்தம். 1967 அல்லது அதற்குப் பிந்தைய ஃபோர்டு என்றால் மார்ட்டி ரிப்போர்ட்டை முன்கூட்டியே நீங்களே வாங்குங்கள். 17 இலக்க நம்பர் வந்ததே 1981 மாடலிலிருந்துதான், அதனால் சாதாரணக் கார் ஹிஸ்டரி ரிப்போர்ட்டில் இந்த வண்டிகள் வராது. வைப்பர் அடியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்க்க விடவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

வேறு மாநிலக் கடைமேல் நியூ ஜெர்சியில் இருந்தபடியே வழக்குப் போட்டவர்கள் யாராவது இருந்தால் உடனே சொல்லுங்கள். வக்கீல் ஃபீஸ் எவ்வளவு ஆனது என்பதையும் சேர்த்து.