லட்சத்துக்கு எங்கே கமா? எக்செல்லில் ரிப்போர்ட் போடும் அனுபவம்

தோழி ஒருத்தி ஒரு தொண்டு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். மாதாந்திர அறிக்கை அவள் தலையில் விழுந்துவிட்டது. "எக்செல்லே போதுமாடி, வேற ஏதாவது கத்துக்கணுமா?" என்று கேட்டாள். வாய்ஸ் நோட்டில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

மகளிர் குழுக்களின் சேமிப்பு, கடன், நிலுவை என்று வருஷக்கணக்காக எக்செல்லில்தான் ரிப்போர்ட் போடுகிறேன். பைவட் டேபிள் (தரவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை), ஃபார்முலா இவற்றில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எரிச்சலெல்லாம் ஒரே இடத்தில்: கமா.

12,34,567 என்று இருந்தால் நம் ஆட்கள் பார்த்த மாத்திரத்தில் பன்னிரண்டு லட்சம் என்று படித்துவிடுவார்கள். 1,234,567 என்று இருந்தால் விரலை வைத்து வலமிருந்து எண்ண ஆரம்பிப்பார்கள். கூட்டத்தில் எல்லோரும் ஒன்று, பத்து, நூறு என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது நிலுவை ஏன் ஏறியது என்று நான் பேசுவது யார் காதில் விழும்?

எக்செல் கமா போடுவது விண்டோஸின் ரீஜன் செட்டிங்கைப் பார்த்துத்தான். என் கணினியில் இந்தியா என்று வைத்திருப்பதால் லட்சமும் கோடியும் ஒழுங்காக விழுகின்றன. அதே ஃபைலை அமெரிக்க செட்டிங் உள்ள கணினியில் திறந்தால் எல்லாம் மில்லியன் கணக்கு. புதுக் கணினி வந்ததும் அதைப் போய் யார் மாற்றுகிறார்கள்?

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. எண் எப்படித் தெரிய வேண்டும் என்று நாமே எழுதிக் கொடுக்கும் கஸ்டம் ஃபார்மட்டில் இதைப் போட வேண்டும்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

எந்தக் கணினியில் திறந்தாலும் லட்சக் கமா நிற்கும். சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அடுத்த வம்பு. இதில் இரண்டு நிபந்தனைக்கு மேல் வைக்க முடியாது, ஆக மைனஸ் எண்ணுக்கு இடமே இல்லை. வரவை மிஞ்சிச் செலவு போன மாதத்தில், அமெரிக்க செட்டிங் உள்ள கணினியில், மிச்சம் என்ற பத்தியில் மேலே 12,34,567, அதற்குக் கீழே -1,234,567. ஒரே பத்தியில் இரண்டு நாட்டுக் கணக்கு! எக்செல் மாதிரியே இருக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் மென்பொருளில், எண் ஃபார்மட்டின் மொழியை English (India) என்று வைத்தால் வேலை முடிந்தது, மைனஸும் சேர்த்து. அது இலவசம் வேறு. காசு வாங்குகிறவர்களுக்கு இது அவ்வளவு பெரிய காரியமா என்ன?

சரி, நியாயமும் பேச வேண்டும். எக்செல் சார்ட்டின் அச்சுக்கு (ஆக்சிஸ்) டிஸ்ப்ளே யூனிட்ஸ் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஆயிரம், மில்லியன் எல்லாம் இருக்கும் என்று தெரியும். நடுவில் 100000, 10000000 என்றும் இருப்பதை எதேச்சையாகத்தான் பார்த்தேன். லட்சமும் கோடியும்தான், பெயர் மட்டும் வைக்கவில்லை. 100000-ஐத் தேர்ந்தெடுத்தால் அச்சில் 5, 10, 15 மட்டும் நிற்கும். பக்கத்தில் '× 100000' என்று ஒரு குறிப்பு வரும், அதை அழித்து 'லட்சம் ரூபாயில்' என்று அடித்துவிட வேண்டும். சார்ட் பளிச்சென்று ஆகிவிடும். அன்றைக்கு முழுக்க பழைய சார்ட்டுகளையெல்லாம் திறந்து இதே வேலையாக இருந்தேன்.

வட்டாரப் பெயர்கள் நீளம் என்பதால் படுக்கை பார் சார்ட்தான் எனக்குச் சரிப்படும். அதிலும் ஒரு கூத்து: டேபிளில் முதலில் இருப்பது சார்ட்டில் அடியில் போய் உட்காரும். வரிசையைத் திருப்ப டிக் அடித்தால் கீழே இருந்த எண் அச்சு மேலே தாவிவிடும். நான் அந்த அச்சையே அழித்துவிட்டு, ஒவ்வொரு பட்டையின் நுனியிலும் எண்ணைப் போட்டுவிடுகிறேன். பின்னால் ஓடும் கோடுகளும் வேண்டாம். பார்க்க அதுதான் நன்றாகவும் இருக்கிறது. நிறமும் ஒன்றே போதும். நம் ரிப்போர்ட் கடைசியில் ஜெராக்ஸாகத்தான் கைக்குக் கை போகும், சிவப்பும் பச்சையும் அதில் ஒரே சாம்பலாகத் தெரியும். எல்லாப் பட்டையும் வெளிர் சாம்பல், பேச வேண்டிய வட்டாரம் மட்டும் கறுப்பு. தலைப்பில் 'வட்டார வாரியாக நிலுவை' என்று போடாமல், 'நிலுவையில் பாதி இரண்டே வட்டாரங்களில்' என்று விஷயத்தையே போட்டுவிட்டால் கூட்டத்தில் பேச்சு நேராக அங்கிருந்து தொடங்கும்.

அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் கமா போட்ட இடத்திலேயே நிற்கும். ஆனால் தலைமை அலுவலகம் எக்செல்லாகத்தான் வேண்டும் என்று கேட்கும், அங்கே யாராவது திறந்து இது பன்னிரண்டு லட்சமா கோடியா என்று போன் செய்வார்கள்.

அதனால் தோழிக்கு என் பதில்: எக்செல் வேண்டாம், லிப்ரே ஆபீஸைப் போட்டுக்கொள். நானா? இந்த வருஷச் சந்தாவும் கட்டியாகிவிட்டது, மாறுகிற எண்ணமும் இல்லை. மைனஸ் வராத மாதத்தில் கேட்டிருந்தால் அவளுக்கும் எக்செல்லையே சொல்லியிருப்பேன்.