எதற்குப் பொட்டு, எதற்கு எக்ஸ்சேஞ்ச்? வீட்டுப் பழைய சாமான்கள், ஓர் அலசல்

ஆயுதபூஜை அன்று அம்மா சந்தனக் கிண்ணத்தோடு ஒரு சுற்றுக் கிளம்புவார். அரிவாள்மனையில் தொடங்கி மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், ஹால் ஃபேனின் ரெகுலேட்டர் வரை ஒன்று விடாமல் பொட்டு விழும். போன வருடம் குங்குமச் சிமிழைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனபோதுதான் கவனித்தேன். பொட்டு வாங்கிய சாமான்களில் பாதி என்னைவிட நாலைந்து வயதுதான் சின்னவை. அவற்றின் மேல் பொறித்திருக்கும் பெயர்களில் பாதி இன்று வேறு யார் யாரிடமோ இருக்கின்றன.

"எல்லாத்தையும் எக்ஸ்சேஞ்ச்ல தள்ளிட்டுப் புதுசு வாங்குங்க" என்பது தம்பியின் கட்சி. "அந்தக் காலத்துச் சாமான் இரும்பு, இப்ப வர்றதெல்லாம் தகரம்" என்பது அம்மாவின் கட்சி. அம்மா கட்சியில் ஓர் ஓட்டை உண்டு. அதே காலத்தில் வாங்கி, ஐந்தே வருடத்தில் புகைந்து காயலான் கடைக்குப் போன சாமான்களுக்கு இன்று யாரும் பொட்டு வைப்பதில்லை. தாக்குப்பிடித்தவை மட்டும் கண்ணில் படுவதால் பழசெல்லாம் கெட்டி என்று தோன்றுகிறது. தம்பி கட்சியின் ஓட்டை வேறு. எது எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று அவன் பார்ப்பதே இல்லை. நான் ப்ளக் பாயிண்டில் செருகி யூனிட் பார்க்கும் சின்ன மீட்டர் ஒன்றை வாங்கி, ஒவ்வொன்றாக அளக்க ஆரம்பித்தேன்.

ஃபேனுக்கு மீட்டரே வேண்டாம், மனக்கணக்கு போதும். பழைய சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும். இப்போது வரும், எலக்ட்ரானிக் போர்டால் இயங்கும் பிஎல்டிசி ஃபேன் 28 முதல் 35 வாட். ஹாலில் ஒரு நாளைக்கு 15 மணி நேரம் சுற்றினால், இரண்டு மாத பில்லில் பழசு 67 யூனிட் தின்னும். புதுசு 30 வாட் என்று வைத்தால் 27. மிச்சம் 40 யூனிட். யூனிட் சராசரியாக 5 ரூபாய் என்றால் பில்லுக்கு 200 ரூபாய் குறையும். 3,000 ரூபாய் ஃபேன் இரண்டரை வருடத்தில் தன் விலையை எடுத்துவிடும். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு லாபம்: கரண்ட் போன ராத்திரியில் அதே பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும்.

அதே பழைய ஃபேனைப் பூஜை அறையில் மாட்டினால் கணக்கு தலைகீழ். நாளைக்கு அரை மணி நேரம் ஓடும் இடத்தில் புதுசு மாட்டினால் இரண்டு மாதத்துக்கு ஒன்றரை யூனிட்கூட மிச்சமாகாது. அதனால் ஹால் ஃபேனைக் கழற்றி உள்ளே மாட்டிவிட்டு, ஹாலுக்குப் புதுசு வாங்கினேன். பழசுக்கு வேலை என்று பார்த்தால் கண்டென்சர், பேரிங், அவ்வளவுதான். கண்டென்சர் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். காயில் கருகிப்போனால் மட்டும் யோசிக்கவேண்டும். திரும்பக் கட்டிய காயில் பல நேரம் முன்பைவிடக் கூடுதல் கரண்ட் இழுக்கும், சூடும் ஆகும். பிஎல்டிசி ஃபேனில் உள்ளே ஒரு போர்டு இருக்கிறது. இடி மின்னலிலோ ஹை வோல்டேஜிலோ அது போனால் தெருமுனை எலக்ட்ரீஷியன் கையை விரிப்பார். வாங்கும்போது வேகத்தை விசாரிப்பதைவிடப் போர்டுக்கு எத்தனை வருட வாரண்டி என்று கேட்பது நல்லது.

மிக்ஸியைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. காலையில் சட்னி, மதியம் ஏதாவது ஒரு அரைப்பு என்று நாளைக்குக் கால் மணி நேரம் ஓடுமா? 750 வாட் மோட்டாராக இருந்தாலும் 0.2 யூனிட்டைத் தொடாது. புதுசு வாங்கி மிச்சம் பிடிக்க அதில் எதுவும் கிடையாது. கார்பன் பிரஷ் தேயும், ஜாரின் புஷ் தளரும், மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளரின் பல் உடையும். மூன்றும் தேய்வதற்கென்றே உள்ளவை. எங்கள் ஊர்க் கடைவீதியில் ஸ்பேர் கடைக்காரரிடம் மிக்ஸி பெயரைச் சொன்னால் காதில் வாங்கமாட்டார். "பழைய கப்ளரக் கொண்டு வந்தியா?" என்பார். அதை வாங்கிப் பல்லை எண்ணி, நடு ஓட்டையில் கட்டை விரலை வைத்துப் பார்த்து, நாலு பிளாஸ்டிக் டப்பாக்களில் துழாவி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். சரியாக உட்காரும். சுமீத் போன்ற ஒரு காலத்து ராஜாக்கள் சமையலறையில் இன்னும் அங்கங்கே ஓடுவதன் ரகசியம் இதுதான். கம்பெனி மங்கினாலும் கப்ளர் மங்கவில்லை.

கிரைண்டரும் இதே ஜாதி. கோவைக்குப் புவிசார் குறியீடு வாங்கித் தந்த சாமான். சாய்க்கிற வகையானாலும் டேபிள் டாப் ஆனாலும் ஒரு மோட்டார், ஒரு பெல்ட், கல். பெல்ட் மாற்றலாம், வழுவழுத்த கல்லைக் கொத்திக்கொள்ளலாம். 2011க்குப் பிறகு அரசு கொடுத்த விலையில்லா மிக்ஸி, கிரைண்டர்களுக்கும் இதே வைத்தியம்தான் நடக்கிறது. இந்த இரண்டிலும் அம்மா கட்சிக்கு முழு மார்க்.

ஃபிரிட்ஜில்தான் அம்மா தோற்றார். ஒற்றைக் கதவு, 165 லிட்டர், வாங்கி முப்பது வருடத்துக்கு மேல். ஒரு நாள் முழுக்க மீட்டரில் போட்டபோது 1.9 யூனிட் காட்டியது. உடனே தூக்கிவிடவில்லை. கதவுக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். மேல் பக்கம் இறுக்கமாகப் பிடித்தது. கீழ் மூலையில் வெண்ணெயில் முடி உருவுகிற மாதிரி வந்தது. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர், அதாவது கேஸ்கட், போய்விட்டது என்று அர்த்தம். வெளிக்காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும், கம்ப்ரசர் ஓய்வே எடுக்காது. புது கேஸ்கட் போட்டதும் 1.5 ஆகக் குறைந்தது. அதற்குக் கீழே இறங்கவில்லை.

புது ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஸ்டார் ஸ்டிக்கரில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பார்கள். இந்த அளவில் 200க்குக் கீழேயே கிடைக்கிறது. எங்களுடையது கேஸ்கட் மாற்றிய பிறகும் வருடத்துக்கு 550 யூனிட் அருகே. இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய அறுபது யூனிட் வித்தியாசம். பில்லில் 300 ரூபாய்தானே, 15,000 ரூபாயை எடுக்க எட்டு வருடத்துக்கு மேல் ஆகுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நாங்கள் கணக்குப் பார்த்தபோது தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் ஒரு படிக்கட்டு இருந்தது. 100 யூனிட் இலவசம். இருமாதக் கணக்கு 500க்குள் நின்றால் 101 முதல் 200 வரை மலிவு விலை. 500ஐத் தாண்டினால் அந்த மலிவு போய், அந்த நூறு யூனிட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலைக்கு வரும். தாண்டிய யூனிட்களுக்கோ அதைவிடக் கூடுதல். எங்கள் கோடைக்கால பில் 530, 540 என்று நிற்கும். அந்த அறுபது யூனிட்தான் எங்களைப் படி தாண்ட வைத்துக்கொண்டிருந்தது.

ஸ்டாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நட்சத்திரத்தை எண்ணாதீர்கள், யூனிட்டைப் படியுங்கள். விதிமுறையைச் சில வருடங்களுக்கு ஒருமுறை இறுக்குகிறார்கள். முந்தைய ஐந்து ஸ்டார் பிறகு மூன்றாக இறங்கியிருக்கும்.

பாசத்துக்குக் கடைசி வெட்டு போட்டவர் மெக்கானிக் அண்ணன். "தம்பி, இதுல இருக்கிறது பழைய ஆர் 12 கேஸு. அது இப்ப வர்றதே இல்ல. லீக் ஆச்சுன்னா கம்ப்ரசரையே மாத்திட்டு வேற கேஸ் போடணும்." ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி 2010க்குள் இந்தியாவில் உற்பத்தி நிறுத்தப்பட்ட கேஸ் அது. புதுசு வாங்கினோம். அதன் கதவு கனமே இல்லாமல் இருக்கிறது, காய்கறி ட்ரே தொட்டால் வளைகிறது. அம்மா தினமும் ஒரு தடவை அதைச் சொல்லிக்காட்டுகிறார். சொல்லட்டும், பில் 500க்குள் நிற்கிறது.

அடுத்தது டிவி. 1991இல் அப்பா வாங்கிய 21 இஞ்ச் டயனோரா, சென்னைச் சரக்கு. சாலிடேர், டயனோரா என்று சென்னைப் பெயர்கள் தெருவுக்கு நாலு வீட்டில் இருந்த காலம். இன்றும் ஆன் செய்தால் அந்த 'டொய்ங்' சத்தத்தோடு படம் வரும். செட்டாப் பாக்ஸின் மஞ்சள், சிவப்பு, வெள்ளைப் பின்னைச் செருகினால் வேலை முடிந்தது. மீட்டரில் 85 வாட் காட்டியது. புது 32 இஞ்ச் எல்இடி 45. நாலு மணி நேரம் பார்த்தாலும் இரண்டு மாதத்தில் பத்து யூனிட் வித்தியாசம்தான், கரண்டுக்காக மாற்றவேண்டியதில்லை. மாற்றவைத்தது எழுத்து. இன்றைய சேனல்கள் அகலத் திரைக்காகச் செய்யப்படுகின்றன. பழைய சதுரக் குழாயில் நியூஸ் சேனலின் கீழே ஓடும் வரி பாதி வெட்டுப்பட்டு ஓடும். கிரிக்கெட்டில் ஸ்கோர் மூலையில் மறைந்துவிடும். ஓவருக்கு ஒரு தடவை "எத்தனை விக்கெட்டு?" என்று கேட்கும் அப்பாவுக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

புது டிவி நாலாவது வருடமே இருண்டது. சத்தம் வருகிறது, படம் இல்லை. சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டு, பேனல் போச்சு, மாற்றினால் புது டிவி விலை ஆகும் என்றார்கள். தெரு டிவி மெக்கானிக் லைட்டை அணைத்துவிட்டு டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து அடித்துக் காட்டினார். மங்கலாகப் படம் நகர்ந்தது. பேனல் உயிரோடுதான் இருக்கிறது, பின்னாலிருக்கும் பேக்லைட் பட்டைதான் போயிருக்கிறது. 1,800 ரூபாயில் முடிந்தது. அவர் சொன்ன இன்னொன்று: பேக்லைட்டைக் கடையில் வைத்திருந்த மாதிரி முழு வெளிச்சத்தில் ஓட்டாமல் பாதியில் வைத்தால் ஆயுள் கூடும். இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. டிவி விஷயத்தில், பழசு முப்பது வருடம் உழைத்ததை நினைத்துப் புதுசை வாங்கக்கூடாது. ஆறேழு வருடச் சாமான் என்று நினைத்து, அதற்கு ஏற்ற விலையில் வாங்கவேண்டும்.

எந்தப் பெயரை வாங்குவது என்பதில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறோம். 'பழைய பிராண்டு, நம்பி வாங்கலாம்' என்கிற வாக்கியத்துக்கு இன்று பொருளே கிடையாது. கெல்வினேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 90களில் இந்தியக் கெல்வினேட்டரின் தொழிற்சாலை வேர்ல்பூல் கைக்குப் போனது. பெயர் எலக்ட்ரோலக்ஸிடம் போனது. 2025இல் அந்தப் பெயரை ரிலையன்ஸ் ரீட்டெய்ல் வாங்கியது. உங்கள் தாத்தா வீட்டில் கடகடவென்று ஓடிய பெட்டிக்கும், நாளை அதே எழுத்தோடு ஷோரூமில் நிற்கும் பெட்டிக்கும் ரத்த உறவு எதுவுமில்லை. தாம்சன் பிரெஞ்சுக்காரர்களுடையது, கோடக் நம் கல்யாண ஆல்பங்களின் ஃபிலிம் ரோல் கம்பெனி. இந்த இரண்டு பெயரிலும் இங்கே டிவி செய்து விற்பது சூப்பர் பிளாஸ்ட்ரானிக்ஸ் என்ற ஒரே நிறுவனம்தான். 1963இல் பாலக்காட்டில் பிறந்த பிபிஎல் பெயரிலும் இப்போது ரிலையன்ஸ் சாமான் விற்கிறது. வீடியோகான் 2018இல் திவால் நடவடிக்கைக்குப் போனது. சான்யோவைப் பானசோனிக் விழுங்கியது, ஷார்ப் 2016இல் ஃபாக்ஸ்கான் கைக்குப் போனது. 1978இல் சென்னையில் தொடங்கிய ப்ரீத்தியை 2011இல் பிலிப்ஸ் வாங்கியது. பிறகு பிலிப்ஸ் தன் வீட்டு உபயோகச் சாமான் வியாபாரத்தையே விற்றுவிட்டது. அதன் இன்றைய பெயர் வெர்சுனி. அம்மாவிடம் வெர்சுனி மிக்ஸி என்று சொல்லிப் பாருங்கள்.

பெயர் கைமாறினால் சாமான் மட்டம் என்று நான் சொல்லவில்லை. சில நன்றாகவே இருக்கின்றன, விலையும் குறைவு. ஆனால் பழைய நினைவுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். டப்பாவைத் திருப்பி, தயாரித்தது யார், சந்தைப்படுத்துவது யார் என்ற சின்ன எழுத்தைப் படியுங்கள், அங்கே உண்மைப் பெயர் இருக்கும். அந்தப் பெயருக்கு உங்கள் ஊரில் சர்வீஸ் ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். சென்னைக்காரர்கள் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் அந்த மாடல் போர்டு புழங்குகிறதா என்றும் விசாரித்துக்கொள்ளலாம்.

டயனோராவை என்ன செய்வது என்பதுதான் இன்னும் முடியவில்லை. எக்ஸ்சேஞ்சில் கேட்டேன், பிக்சர் டியூப் டிவி எடுப்பதில்லை என்றார்கள். பழைய இரும்புக்காரர் 150 ரூபாய்க்குத் தயார். எப்படி உடைப்பீர்கள் என்று கேட்டேன். கழுத்துப் பக்கம் சுத்தியலால் ஒரு போடு, உள்ளே இருக்கும் செம்புச் சுருளை மட்டும் எடுத்துக்கொண்டு கண்ணாடியைக் குப்பையில் தள்ளிவிடுவாராம். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, வேண்டாம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சைக்கிளை மிதித்தார். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகள், பழைய சாமானை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைக்கின்றன. அன்று இந்தப் பெட்டியைச் செய்தவர்கள் இன்று டிவி செய்வதில்லை.

அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மையம் பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது. இருபது கிலோவுக்கு மேல் கனக்கும் அதைக் கொண்டுபோக வண்டி பார்க்கவேண்டும். அதுவரை பரணில் இருக்கிறது. இந்த வருடம் ஆயுதபூஜைக்கு ஏணியைப் போடச் சொன்னார் அம்மா. ஏறி, தூசியைத் துடைத்து, அதற்கும் ஒன்று வைத்துவிட்டு இறங்கினேன்.