போர் தண்ணி டெஸ்ட்டுன்னு வந்து எங்க நிலத்தையே கெடுத்துட்டு போனாங்க, தோட்டம் வெச்சிருக்கறவங்க தயவுசெஞ்சு படிங்க

பெங்களூர்ல இருந்துகிட்டு மாலூர், ஆனேக்கல், ஹொசகோட்டே பக்கம் ஒரு ஏக்கர் ரெண்டு ஏக்கர் வெச்சிருக்கற நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்கீங்க, உங்களுக்காகத்தான் எழுதறேன்.

நாங்க அல்சூர்ல இருக்கோம். மாலூர் தாண்டி ஒண்ணரை ஏக்கர், மாமனார்தான் வாரத்துல நாலு நாள் அங்கயே தங்கி பார்த்துக்கறாரு. செம்மண்ணு, போர் தண்ணி, தக்காளிக்கு டிரிப், அதான் சொட்டு நீர். டிரிப்பர்ல வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி கட்டிக்கிட்டு அடைச்சுக்கும், அவரு குண்டூசி வெச்சு ஒவ்வொண்ணா குத்திக்கிட்டு உக்காந்திருப்பாரு, எழுபது வயசு மனுஷன். அந்த நேரம்தான் இலவச வாட்டர் டெஸ்ட்டுன்னு ஒரு கம்பெனி ஆள் வண்டியில வந்தாரு. தண்ணியில கரைஞ்சிருக்கற மொத்த உப்பை காட்டற டிடிஎஸ் பேனாவை தொட்டியில விட்டாரு, 640னு காட்டிச்சு, பாட்டில்ல கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு போனாரு, மூணு நாள்ல கலர் கலரா ரிப்போர்ட். "ஹார்ட்னஸ் 350 மேடம், லிமிட்டே 200தான், சிகப்புல போட்டிருக்கு பாருங்க, இதையே விட்டீங்கன்னா டிரிப்பும் போகும் பயிரும் போகும்"னாரு. மாமனார் கஷ்டப்படறதை பார்த்துட்டு நானும் சரின்னுட்டேன். 95,000 ரூபாய், ஹார்ட்னஸை, அதான் தண்ணியோட கடினத்தன்மையை, குறைக்கறதுக்கு உப்பு போட்டு ஓட்டற சாஃப்ட்னர் மெஷின்.

அந்த 200ங்கறது குடிக்கற தண்ணிக்கு போட்ட ஐஎஸ் 10500ங்கற இந்திய தர கணக்குங்க! அதுலயே வேற தண்ணி கிடைக்காத இடத்துல 600 வரைக்கும் போகலாம்னு இருக்கு. ரிப்போர்ட்ல சோடியம் எவ்வளவுன்னு ஒரு வரி இல்ல, பைகார்பனேட் இல்ல. நிலத்துக்கு விடற தண்ணிக்கு அந்த ரெண்டு கணக்குதான் முக்கியம்னு அப்ப எனக்கு தெரியல.

முதல்ல எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, டிரிப்பர் அடைக்கல, சோப்பு போட்டா நுரை பொங்குது, வாரத்துக்கு மூணு மூட்டை உப்பு, 25 கிலோ மூட்டை, அதையும் சந்தோஷமா வாங்கி போட்டோம். ஆறு மாசம் ஆச்சு. ஒரு நாள் மாமனார் போன் பண்ணி "அம்மா, தண்ணி மண்ணுக்குள்ள இறங்கவே மாட்டேங்குதும்மா"ன்னாரு. போய் பார்த்தா ஒவ்வொரு டிரிப்பருக்கு கீழயும் தட்டு மாதிரி தண்ணி நிக்குது, சாயங்காலம் வரைக்கும் அப்படியே நிக்குது. காஞ்ச இடத்துல மேல் மண்ணு ஓடு மாதிரி வழவழன்னு இறுகி கிடக்கு, நகத்தால கீறினா ஒரு துண்டா பேந்து வருது, அடியில பார்த்தா பொட்டு ஈரம் இல்ல. செடி பூவோட வாடி நிக்குது. சாஃப்ட்னரை கழுவி விடற உப்புத்தண்ணிக்கு பைப்பை வரப்போரமா விட்டிருந்தாங்க, அங்க இருந்த ரெண்டு எலுமிச்சை இலை ஓரமெல்லாம் கருகி கொட்டிடுச்சு, பத்து வருஷ மரம்.

கம்பெனிக்கு போன் பண்ணினா "டிடிஎஸ் அதே 640தானே மேடம் காட்டுது, தண்ணியில ஒண்ணும் இல்ல, உரம் போடுங்க"ங்கறாரு. அதுக்கப்புறம் நாலு தடவை பண்ணினேன், எடுக்கல.

அப்புறம்தான் பாசன தண்ணி பார்க்கற லேப்ல ரெண்டு பாட்டில் கொடுத்தோம், ஒண்ணு போர்ல இருந்து நேரா, ஒண்ணு சாஃப்ட்னர் தாண்டி. நேர் தண்ணியில கால்சியம், மெக்னீசியத்தோட ஒப்பிட்டா சோடியம் எவ்வளவுங்கற விகிதம், அதான் எஸ்ஏஆர்னு சொல்றது, 1.6. சாஃப்ட்னர் தாண்டினதுல 17. கால்சியம், மெக்னீசியத்தை விட கார்பனேட், பைகார்பனேட் எவ்வளவு அதிகம்ங்கற கணக்கு, அதான் ஆர்எஸ்சி, நேர் தண்ணியில மைனஸ் 1, தாண்டினதுல 5.4. ஆர்எஸ்சி 1.25க்கு கீழ இருந்தா பயமில்ல, 2.5க்கு மேல போனா பாசனத்துக்கே ஆகாதுன்னு லேப்ல இருந்தவங்க எடுத்து சொன்னாங்க. எனக்கு கையே நடுங்கிடுச்சு. எங்க போர் தண்ணி நல்ல தண்ணிங்க, நாங்கதான் காசு கொடுத்து அதை கெடுத்திருக்கோம்.

விஷயம் என்னன்னா சாஃப்ட்னர் உப்பை எடுக்கறதில்ல, மாத்துது. கால்சியம், மெக்னீசியத்தை பிடிச்சு வெச்சுக்கிட்டு அதுக்கு பதிலா சோடியத்தை விடுது. மொத்த உப்பு அளவு அப்படியேதான் இருக்கும், அதனாலதான் டிடிஎஸ் பேனா மாறவே இல்ல. மண்ணை பொலபொலன்னு பிடிச்சு வெச்சிருக்கறது கால்சியம், அது போய் சோடியம் சேர்ந்தா களி பிரிஞ்சு மண்ணுல இருக்கற கண்ணெல்லாம் அடைச்சுக்குது.

உங்ககிட்ட யாராவது தண்ணி டெஸ்ட்டுன்னு வந்தா இது பாசனத்துக்கு பண்ற டெஸ்ட்டான்னு முதல்ல கேளுங்க. ஈசி (தண்ணியில மின்சாரம் எவ்வளவு பாயுதுங்கற அளவு, உப்பை காட்டும்), பிஹெச், கால்சியம், மெக்னீசியம், சோடியம், கார்பனேட், பைகார்பனேட், குளோரைடு எல்லாம் தனித்தனியா வரணும், எஸ்ஏஆர், ஆர்எஸ்சி கணக்கு போட்டிருக்கணும். தொட்டி தண்ணியை கொடுக்காதீங்க, மோட்டாரை அரை மணி நேரம் ஓட விட்டு, பாட்டிலை அதே தண்ணியில மூணு தடவை அலசி, காத்து இடம் இல்லாம கழுத்து வரைக்கும் ரொப்பி மூடி, அன்னைக்கே கொண்டு போயிடுங்க. டிரிப்பர் சுண்ணாம்புக்கு சாஃப்ட்னரே வேணாம், டிரிப் லைன்ல அப்பப்ப ஆசிட் விட்டு கழுவி விடறதுதான் வழக்கம், தெரிஞ்சவங்களை வெச்சு பண்ணுங்க, ஆசிட்டைத்தான் தண்ணியில ஊத்தணும், ஆசிட்ல தண்ணி ஊத்திடாதீங்க.

இப்ப சாஃப்ட்னரை கழட்டி ஓரமா வெச்சிட்டோம், லேப்ல சொன்ன அளவுக்கு கால்சியம் இருக்கற ஜிப்சம் போட்டு போர் தண்ணியையே நேரா விடறோம். ஒரு மழையும் பேஞ்சது, மேல் பாத்தியில தண்ணி இறங்க ஆரம்பிச்சிருக்கு, கீழ் பாத்தி இன்னும் இறுகித்தான் கிடக்கு.

போன ஞாயித்துக்கிழமை அதே வண்டி எங்களுக்கு அடுத்த ஊர்ல ஒரு தோட்டத்து வாசல்ல நின்னுச்சு. இறங்கி போய் எங்க ரெண்டு ரிப்போர்ட்டோட ஜெராக்ஸையும் அந்த அம்மா கையில கொடுத்துட்டு வந்தேன். வேணுங்கறவங்க சொல்லுங்க, உங்களுக்கும் அனுப்பறேன்.