டென்னிஸ் எல்போ பெல்ட்: வலி குறைந்தது, எரிச்சல் குறையவில்லை

டென்னிஸ் எல்போ என்ற முழங்கை வலியில் அவதிப்படும் நண்பர் ஒருவர், நான் கட்டும் பெல்ட்டை வாங்கலாமா என்று கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை.

நோயைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. டென்னிஸ் மட்டையைத் தொடாதவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. மணிக்கட்டைப் பின்னால் நிமிர்த்தும் தசைகளின் நாண், முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் ஒட்டும் இடத்தில் நைந்துபோகிறது. அழற்சி என்பதைவிட, சரியாக ஆறாத தேய்மானம் என்பதே பொருத்தம். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், ஊசி போடாதவர்களே மேலாக இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

பெல்ட்டுக்கு வருவோம். அது தசையை அழுத்திப் பிடிப்பதால், நாணின் வேரில் விழும் இழுப்பு குறைகிறது. வலிக்கும் எலும்பின் மேலேயே கட்டினால் பயனில்லை. இரண்டு விரல் அகலம் கீழே, முன்கைத் தசை புடைக்கும் இடத்தில் பெல்ட்டில் உள்ள திண்டு உட்கார வேண்டும். அங்கே உட்கார்ந்துவிட்டால் சுகம்தான். தண்ணீர் நிறைந்த பாத்திரத்தைத் தூக்கும்போது சுரீர் என்று ஏறும் வலி பாதியாகிவிடும். ஈரத்துணி பிழியலாம், மூடி திருகலாம். இவ்வளவு சின்னப் பட்டைக்கு இது பெரிய காரியம்.

சரி, எரிச்சல் எங்கே? இறுக்கத்தில். கொஞ்சம் தளர்ந்தால் பெல்ட் மணிக்கட்டை நோக்கி இறங்குகிறது. கொஞ்சம் கூடினால் கை மரத்துப்போகிறது, நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. நேற்று கண்டுபிடித்த அந்த இடத்தை இன்று மறுபடி தேட வேண்டும், ஏனென்றால் பட்டையில் ஒரு கோடு, ஒரு எண், ஒன்றும் கிடையாது. இடுப்பு பெல்ட்டில்கூட ஓட்டை போட்டு வைத்திருக்கிறார்களே! இதையெல்லாம் ஒற்றைக் கையால் செய்ய வேண்டும் என்று வடிவமைத்தவர் நினைத்துப் பார்த்தாரா என்று தெரியவில்லை. போதாததற்கு வெல்க்ரோ, சட்டைக் கையின் நூலை உருவுகிறது. பஞ்சு சேர்த்துக்கொள்கிறது. அப்புறம், முக்கியமான நேரத்தில் 'பர்ர்ர்' என்று கழன்றுகொள்கிறது.

நியாயமாகப் பார்த்தால் குணப்படுத்துவது பெல்ட்டின் வேலையே இல்லை. பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டுக்குள் தானாகவே அடங்கிவிடுகிறது. எனக்குத் தெம்பு தந்தது பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சி: முன்கையை மேசையில் கிடத்தி, உள்ளங்கை கீழே பார்க்க, சின்ன எடையைப் பிடித்த மணிக்கட்டை மறு கையால் உயர்த்திவிட்டு, மெதுவாக, மிக மெதுவாக இறக்குவது. சலிப்பான வேலை, ஆனால் பலன் அதில்தான். பொருளை உள்ளங்கை மேலே பார்க்கும்படி தூக்கப் பழகியதும் உதவியது. பெல்ட், அந்த இடைக்காலத்தை ஓட்டுவதற்கு. தூங்கும்போது கழற்றிவிட வேண்டும்.

ஆக, ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். பழையதில் பிடிப்பு போனதும் அதே பெல்ட்டைத்தான் மறுபடி வாங்கினேன். அதற்காக மூன்றாவது நட்சத்திரமெல்லாம் கிடையாது.