ஃபோல்ட்ஸ்கோப்: காகித மைக்ரோஸ்கோப் சின்னப் பிள்ளைகளுக்குச் சரிப்படுமா?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் ஜிம் சைபுல்ஸ்கியும் உருவாக்கி, 2014-இல் ஆய்விதழில் விவரித்த கருவி இது. தாளை மடித்துச் செருகினால் மைக்ரோஸ்கோப். லென்ஸ் என்பது ஒரு குட்டிக் கண்ணாடிக் குண்டு. 140 மடங்கு பெரிதாக்கும்.

மடிக்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மடிப்புக் கோடுகளை நகத்தால் அழுத்தித் தேய்க்காவிட்டால் அடுக்குகள் விலகும். வெளிச்சத் துளையும் லென்ஸும் நேராக நிற்காது, பார்வை வட்டத்தில் பாதி இருட்டாகிவிடும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வேண்டும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டினாற்போல வைத்து, ஜன்னலையோ டியூப்லைட்டையோ பார்க்க வேண்டும். சூரியனை நோக்கி ஒருபோதும் கூடாது. லென்ஸில் விரல் பட்டால் பிசுக்கு ஒட்டி, எல்லாமே பனிமூட்டம்தான்.

முதல் ஸ்லைடுக்கு வெங்காயம். சதையோடு உரித்தால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பும். இதழின் குழிந்த உட்பக்கத்திலிருந்து கண்ணாடி போன்ற தோலை மட்டும் எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் சுருங்காமல் விரித்து மூடுங்கள். அடுத்தது செம்பருத்தி மகரந்தம். முள் முளைத்த உருண்டையைக் கண்டதும் எந்தப் பிள்ளையும் கூச்சல் போடும்.

இந்தக் கருவியின் உண்மையான மதிப்பு ஒரு தொல்லையில் இருக்கிறது: காற்றுக்குமிழி. கறுப்பு விளிம்போடு வட்டமாகத் தெரியும் அதைப் பிள்ளைகள் "செல்!" என்பார்கள். உடனே திருத்தாதீர்கள். வெறும் தண்ணீர் மட்டும் வைத்த இன்னொரு ஸ்லைடைக் கொடுங்கள். அங்கேயும் அதே வட்டம் இருந்தால், அது வெங்காயத்தினுடையது அல்ல என்று பிள்ளையே சொல்லிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வெறும் ஸ்லைடு வேண்டும் என்பதை இதைவிட எளிதாகக் கற்றுத்தர முடியாது.

தயிர் பாக்டீரியாவைக் காட்டலாம் என்று வாங்கினால் ஏமாற்றம்தான். சுமார் 2 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரைதான் பிரித்துக் காட்டும். அந்த பாக்டீரியாக்களின் அகலம் 1 மைக்ரானைத் தாண்டாது. காந்தத்தால் செல்போன் கேமராவிலும் பொருத்தலாம். ஆனால் முதலில் கண்ணால் பார்த்துப் படம் வரையட்டும், போன் பிறகு. ஏழு வயதுக்குள் இருந்தால் இதை விடுங்கள், 5 மடங்கு கைலென்ஸும் ஓர் எறும்பு வரிசையும் போதும்.