அம்பாசிடருக்குப் பெல்ட் ஃபேனா, கரண்ட் ஃபேனா?

பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால், ஐந்தாவது நிமிடத்தில் பேச்சு ரேடியேட்டருக்கு வந்துவிடும். "மாருதி காரோட கரண்ட் ஃபேனைப் போட்டுட்டேன் சார், இனிமே கவலையே இல்ல" என்பார் ஒருவர். "கம்பெனிக்காரன் வெச்ச பெல்ட் ஃபேனை எதுக்குக் கழட்டணும்?" என்பார் மற்றவர். அவரவர் வண்டிக்கு அவரவர் சொல்வது சரிதான். ஆனால் வண்டி எந்த இடத்தில் கொதிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் ஒரே பெல்ட்தான் வாட்டர் பம்ப், ஃபேன், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ மூன்றையும் சுற்றுகிறது. ஃபேன், பம்பின் முனையிலேயே உட்கார்ந்திருக்கும். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் அதுவும் வேகமாகச் சுற்றும், வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும் ஐட்லிங்கில் சோம்பிக்கொள்ளும்.

இப்போது வால்பாறை ஏறுகிறோம் என்று வையுங்கள். 40 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியரில் எஞ்சின் கத்திக்கொண்டு ஏறும்போது பெல்ட் ஃபேனும் முழு வேகத்தில் காற்றை இழுக்கிறது. அங்கே கொதித்தால் முதலில் ஃபேனைக் குறை சொல்லக் கூடாது. பெல்ட் தளர்ந்திருக்கலாம், ஸ்பார்க் விழும் டைமிங் பின்தங்கியிருக்கலாம், பெரும்பாலும் ரேடியேட்டர் அடைத்திருக்கும். நம் ஊர் போர் தண்ணீரை வருஷக்கணக்கில் ஊற்றினால் குழாய்க்குள் சுண்ணாம்பு படியாமல் என்ன செய்யும்? எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஆஃப் செய்துவிட்டு, ரேடியேட்டரின் முன்பக்கம் உள்ளங்கையை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். நடுவில் எங்காவது ஜில்லென்று ஒரு திட்டு தட்டுப்பட்டால் அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை. அதற்குக் கரண்ட் ஃபேன் மருந்தல்ல. அந்தக் குழாய்த் தொகுப்பை, அதாவது கோரை, மாற்ற வேண்டும்.

சென்னை சிக்னலில் மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு நிற்கும் வண்டியின் கதை வேறு. எஞ்சின் ஐட்லிங், ஃபேன் சோம்பல், எதிர்காற்று கிடையாது. சூடு காட்டும் மீட்டரின் முள் மெல்ல ஏறும். வண்டி நகர்ந்ததும் இறங்கும். இந்த நோய்க்குத்தான் கரண்ட் ஃபேன். எஞ்சின் வேகம் என்னவானாலும் அது ஒரே வேகத்தில் சுற்றும்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஃபேன் போட்டுக் கொடுப்பவர்களில் பலர் இதைச் சொல்வதில்லை. டைனமோ உள்ள வண்டியில் ஐட்லிங்கில் சார்ஜ் ஏறவே ஏறாது, சிவப்பு விளக்கு எரிவதே அதற்கு சாட்சி. நல்ல வேகத்தில் போனாலும் அந்த டைனமோ தருவது சுமார் 20 ஆம்பியர். கரண்ட் ஃபேன் ஒன்றுக்கே 8 முதல் 15 ஆம்பியர் வேண்டும். அதாவது ஃபேன் அதிகம் தேவைப்படும் அதே நேரத்தில் அது முழுக்க பேட்டரியைத்தான் சாப்பிடுகிறது. ராத்திரி, மழை, ஹெட்லைட், வைப்பர், அப்புறம் ஒரு அரை மணி நேர டிராஃபிக். கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் டைனமோவுக்குப் பதில் ஐட்லிங்கிலும் சார்ஜ் தரும் ஆல்டர்னேட்டர், பிறகுதான் கரண்ட் ஃபேன். இந்த வரிசையை மாற்றினால் கொதிக்காத வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

நம்பகம் என்று பார்த்தால் என் ஓட்டு பெல்ட்டுக்கு. அதில் ஃபியூஸ் இல்லை, கரண்ட்டைத் திறந்து மூடும் ரிலே இல்லை. கரண்ட் ஃபேனில் ஒரு ஃபியூஸ் போனால் சத்தமே இருக்காது, முள் சிவப்புக்குப் போன பிறகுதான் தெரியும். பெல்ட் அறுந்தால் பம்பும் நின்றுவிடும் என்பதால் அந்த ஒரு விஷயத்தில் இரண்டும் சமம்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு, செலவும் குறைவு. ரேடியேட்டர் மூடியை மாற்றி, பக்கத்தில் ஒரு பாட்டில் வைப்பது. சூட்டில் விரியும் தண்ணீர் ரோட்டில் கொட்டாமல் பாட்டிலுக்குப் போகும், ஆறியதும் திரும்ப உறிஞ்சப்படும். இரட்டை வாஷர் உள்ள மூடி வேண்டும், ஓஸ் முனை பாட்டிலின் அடியில் முழுகியிருக்க வேண்டும். மூடியின் அழுத்தமும் முக்கியம். ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கும், மூடியின் அழுத்தம்தான் அதை மேலே தள்ளிப் பிடிக்கிறது. அதற்காக 15 பிஎஸ்ஐ மாதிரி அதிக அழுத்த மூடியைத் தேடிப் போடாதீர்கள். ஈயம் வைத்த பழைய பித்தளைத் தொட்டி அந்த அழுத்தத்தைத் தாங்காமல் ஓரத்தில் கசியும்.

ரேடியேட்டரில் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றும் தண்ணீரில்லாத கூலண்ட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். அது கொதிக்க 180 டிகிரி தாண்ட வேண்டும், வாஸ்தவம். ஆனால் தண்ணீர் அளவுக்கு வெப்பத்தைச் சுமக்காது, விலையும் அதிகம். அடைத்த ரேடியேட்டரில் ஊற்றினால் கொதிப்பு வெளியே தெரியாது, எஞ்சின் உள்ளே வேகும்.

எங்கள் வீட்டு மார்க் 3-ல் கோர் மாற்றி, பாட்டில் வைத்து, பெல்ட் ஃபேனை அப்படியே விட்டிருக்கிறேன். ஆல்டர்னேட்டர் போட்ட பிறகு ரேடியேட்டருக்கு முன்னால் சின்னதாக ஒரு கரண்ட் ஃபேன், ரிலேயோடும் டேஷ்போர்டில் ஒரு சுவிட்சோடும். டிராஃபிக்கில் மட்டும் போடுவேன். முதல் நாள் அதைப் போட்டதும் முள் இன்னும் வேகமாக ஏறியது. கிரில்லுக்கு முன்னால் ஒரு துண்டு தினத்தாளைப் பிடித்தேன். கிரில்லில் ஒட்டிக்கொள்ள வேண்டிய தாள் என் முகத்தைப் பார்த்துப் பறந்தது. வயர் இரண்டையும் மாற்றி மாட்டியிருந்தார்கள்.